தபசுகாலத்து யப்பான் பாட்டு

எங்கள் வீட்டில் தபசுகாலம் தொடங்கினால் முதலில் நோன்பு பிடிப்பது தொலைக்காட்சிதான். விபூதிப் புதன் காலையில் அப்பா அதன் வயரைக் கழற்றிச் சுருட்டி அலுமாரிக்கு மேல் வைத்துவிடுவார். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் அது இறங்காது. படம் கிடையாது, படப் பாட்டுக் கிடையாது. இறைச்சி வெள்ளிக்கிழமைகளில் கிடையாது. கலியாணப் பேச்சு எந்தக் கிழமையிலும் கிடையாது. பலெர்மோவில் எங்களைச் சுற்றியிருந்த இத்தாலியர்களும் இதே கர்த்தரைத்தான் கும்பிட்டார்கள், ஆனால் அவர்கள் வீட்டு ஜன்னல்களிலிருந்து தபசுகாலத்திலும் காதல் பாட்டுத் தாராளமாக வந்தது. "அவையள் பழைய வேதக்காரர், அவையளுக்குச் சலுகை இருக்கும்" என்று அம்மா ஒருமுறை எனக்கு விளக்கம் சொன்னார்.

நாங்கள் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சின்னம்மா. எனக்கு அப்போது பத்து வயது. சின்னம்மாவும் நானும் ஒரே அறை. பக்கத்து வீட்டிலும் கீழ் வீட்டிலும் எங்கள் கோயில் ஆட்களே குடியிருந்தார்கள். சுவர்கள் பேருக்குத்தான். நாங்கள் மீன் பொரித்தால் என்ன மீன் என்று கீழ் வீட்டில் சொல்லுவார்கள். ஒருவர் எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்பதை வைத்து அவர் மனதில் என்ன இருக்கிறது என்றும் சொல்லிவிடுவார்கள். குமர்ப்பிள்ளை ஒருத்தி ஒரே சோகப் பாட்டை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தக் கிழமை முடிவதற்குள் யாராவது அவளுடைய தாய்க்குப் போன் எடுத்து, சும்மா சுகம் விசாரிப்பார்கள்.

சின்னம்மாவுக்கு ஒருவர்மேல் விருப்பம் இருந்தது. அன்று அதை யாரும் அறியவில்லை, நானும்தான். எழுதுகிறபோது ஒளித்து வைத்து விளையாட எனக்கு விருப்பமில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பூசைக்குக் கீபோர்ட் வாசித்தவர்தான் அவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். ஊரில் தீவுப் பக்கத்து ஆள், இங்கே பொலிதேயாமாவில் ஒரு ஹோட்டலில் வேலை. அப்படியொன்றும் பெரிய வடிவில்லை, காதுகள் கொஞ்சம் பெரிது. ஆனால் அவர் கட்டைகளைப் பார்த்து வாசிக்க மாட்டார், பாடுகிறவர்களின் முகத்தைப் பார்த்து வாசிப்பார். வரியின் நடுவில் யாருக்காவது மூச்சு முட்டினால் விரலை அப்படியே அழுத்தி வைத்துக்கொண்டு காத்து நிற்பார். சின்னம்மா பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை. அவருக்கு மூச்சுக் கொஞ்சம் குறைவு. ஞாயிறு தவறாமல் ஒரு மனிதர் தன்னுடைய மூச்சுக்காகக் காத்து நின்றால் ஒரு பெண்ணுக்கு மனம் இளகாமல் என்ன செய்யும். அவர் எல்லாருக்கும்தான் காத்து நின்றார் என்பதும் சின்னம்மாவுக்குத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும், அது கோயில் முழுக்கத் தெரிந்த விஷயம். மாமாவுக்கு ஊரில் பெண் பேசி மோதிரமும் மாற்றியாகிவிட்டது. அந்தப் பெண்ணை இங்கே கூப்பிடுவதற்காகத்தான் அவர் விசா அலுவல் பார்க்கிற குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்கு நடையாய் நடந்தார். தபசுகாலத்துக்கு முந்திய ஞாயிறு, விசா சரிவந்துவிட்டது என்று பூசை முடிய எல்லாருக்கும் லட்டுக் கொடுத்தார். இனிப்பைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிற சின்னம்மா அந்த லட்டை ஒரு பொட்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டதை நான் பார்த்தேன். பசியாக்கும் என்று நினைத்தேன்.

அதே நாட்களில் சின்னம்மாவுக்கும் ஒரு பொருத்தம் வந்திருந்தது. ஜெர்மனியில் இருக்கிற மாமி, அதாவது அப்பாவின் அக்கா, பார்த்த மாப்பிள்ளை. நல்ல வேலை, நல்ல குடும்பம், படத்தில் ஒரு காருக்குப் பக்கத்தில் நின்றார். நல்லவேளையாகத் தபசுகாலம் வந்து குறுக்கே படுத்தது. கலியாணக் கதை எடுக்கக்கூடாத காலம் என்பதால், உயிர்த்த ஞாயிறு அன்று முடிவைச் சொன்னால் போதும் என்று தவணை கிடைத்தது. வீட்டில் மற்ற எல்லாரும் ஆட்டிறைச்சிக் கறியை நினைத்து நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, தபசுகாலம் முடியவே கூடாது என்று மன்றாடிய ஒரே ஆள் சின்னம்மாவாகத்தான் இருக்கும். அவருடைய விருப்பம் வெளியே தெரிந்தால் ஜெர்மனிப் பேச்சு நின்றுபோகும், குடும்பத்தின் பேர் கெடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. விசா கையில் வைத்துக்கொண்டு பயணத்துக்கு உடுப்பு அடுக்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணின் காதில் கதை விழுந்துவிடும். சின்னம்மா உண்மையில் பயந்தது அதற்குத்தான்.

சின்னம்மாவுக்கு வேலை லிபெர்த்தாத் தெருவில், சிஞ்ஞோரா என்று கூப்பிடும் ஓர் இத்தாலிய எஜமானியின் வீட்டில். துப்புரவும் இஸ்திரியும். சிஞ்ஞோராவின் மகள் பல்கலைக்கழகத்தில் யப்பான் பாஷை படித்துக்கொண்டிருந்தாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே யப்பான் கார்ட்டூன் பார்த்து வளர்கிறவர்கள், அவளுக்கு அந்தப் பைத்தியம் வளர்ந்த பிறகும் தெளியவில்லை. சின்னம்மா இஸ்திரி போடுகிற நேரம் அவள் அந்த அறையில் வந்திருந்து பாட்டுப் போடுவாள், ஒவ்வொரு வரிக்கும் இத்தாலியனில் கருத்துச் சொல்லுவாள். கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்த சந்தோசம் அவளுக்கு. பெரும்பாலும் ஒரே சங்கதிதான். ஒருத்தி ஒருவனை நினைக்கிறாள், அவனுக்குத் தெரியாது, அவளும் சொல்லமாட்டாள். சின்னம்மா கொலருக்குத் தண்ணீர் தெளித்து அழுத்திக்கொண்டு கேட்டிருப்பார். கொஞ்ச நாளில் அந்தப் பாட்டுகள் எல்லாம் சின்னம்மாவின் போனுக்குள் வந்து சேர்ந்தன.

"இத்தாலிக்காரன் தன்ர விருப்பத்தைத் தெருவில நிண்டு கத்துவான். எங்கட படத்தில மலையில ஏறி நிண்டு பாடுவினம். இந்தச் சனம் மட்டும்தான் சொல்லாமலே பாடி முடிக்குது" என்று ஒருநாள் எனக்குத் தலை பின்னிக்கொண்டு சொன்னார். எனக்கு அது ஒரு குறையாகத்தான் பட்டது. பாட்டு முடிந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் எதற்காக மினக்கெட்டுப் பாட வேண்டும் என்று கேட்டேன். சின்னம்மா என் பின்னலை இறுக்கினார்.

அந்தப் பாட்டுகளில் ஒரு பெரிய வசதி இருந்தது. கீழ் வீட்டில் யாருக்கும் அது விளங்காது. தமிழில் கேட்டால் ஊருக்கே தெரியும், இத்தாலியனில் கேட்டால் என்னைப் போன்ற வாண்டுகள் கருத்துச் சொல்லிவிடும். யப்பான் பாஷையில் சின்னம்மா மனதாரத் துக்கப்படலாம், அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வராது. விபூதிப் புதனுக்கு அடுத்த நாளோ என்னவோ, சின்னம்மா குசினியில் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டு ஒன்றைப் போட்டிருந்தார். அம்மா வாசலில் வந்து நின்றார்.

"தபசுகாலத்தில என்ன பாட்டு இது?"

"யப்பான் பாட்டு அக்கா."

அம்மா கொஞ்ச நேரம் நின்று கேட்டார். மெதுவான பாட்டு, பியானோவும் ஒரு பெண் குரலும் மட்டும்.

"வேதப் பாட்டோ?"

சின்னம்மாவின் கை மாவுக்குள் அப்படியே நின்றது. "ஓம்" என்றார்.

சின்னம்மா வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அதுதான், அதுவும் ஒற்றைச் சொல். அம்மா, "யப்பானிலயும் எங்கட ஆக்கள் இருக்கினம்தானே" என்று திருப்தியோடு போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யப்பான் காதல் பாட்டுகள் தபசுகாலத்துக்கு உகந்தவையாகிவிட்டன. அப்பாகூட ஒருநாள் விடியற்காலையில் சவரம் செய்துகொண்டே ஒன்றைப் பக்தியோடு முணுமுணுத்தார்.

விஷயம் அந்த அளவில் நின்றிருக்கும், எங்கள் குடும்பத்தின் முறை வராமல் இருந்திருந்தால். தபசுகால வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் கோயிலில் சிலுவைப்பாதை நடக்கும். அது முடிந்ததும் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு குடும்பம் வியாகுல மாதாவின் முன்னால் நின்று ஒரு துக்கப் பாட்டுப் பாட வேண்டும். ஊரில் விடிய விடிய ஒப்பாரி வைத்துப் பாடிய வழக்கம், பலெர்மோவின் வேலை நேரங்களுக்குள் சுருங்கி ஒரு பாட்டாக மிஞ்சியிருந்தது. பேர் பக்திமுயற்சி. ஆனால் எந்தக் குடும்பத்தின் பாட்டுக்கு யார் யார் அழுதார்கள் என்பதுதான் அடுத்த கிழமை முழுவதும் பேச்சு. எங்களுக்கு முந்திய வெள்ளி, கீழ் வீட்டுக்காரரின் மகன் வயலின் வாசித்துவிட்டான். அழாத ஆள் இல்லை. அம்மாவும் அழுதார், அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்து வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்ததும் முடிவைச் சொன்னார்.

"எங்கட பிள்ளை அந்த யப்பான் பாட்டைப் பாடட்டும்."

சின்னம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அது சரிவராது அக்கா. ஒருத்தருக்கும் விளங்காது."

"அந்தக் காலத்தில லத்தீன் பூசை ஆருக்கு விளங்கினது? சனம் அழுததுதானே?"

அம்மா ஒன்றை நினைத்தால் அதற்கு மேல் மேன்முறையீடு கிடையாது. சின்னம்மா எனக்குப் பாட்டைச் சொல்லித்தந்தார். அந்தப் பாஷை தமிழ் வாய்க்கு நோகாமல் வந்தது, எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டி மோதுவதில்லை. கருத்தைக் கேட்டேன். பாண் விற்கிற பாட்டு என்றார். ஒரு பெண் பாண் சுட்டு விற்கிற ரொட்டிக் கடையில் வேலை செய்கிறாள். ஒருவன் தினமும் காலையில் வந்து ஒரு பாண் வாங்கிக்கொண்டு போகிறான். அவன் வருகிற நேரத்துக்குச் சூடாக இருக்கட்டும் என்று அவள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒருநாள் அவன் வந்து இரண்டு பாண் கேட்கிறான். அவள் இரண்டையும் சூடாகப் பார்த்து எடுத்துச் சுற்றிக் கொடுக்கிறாள். அவ்வளவுதான் பாட்டு.

எனக்கு நல்ல சந்தோசம். ஒன்று வாங்கியவன் இரண்டு வாங்குகிறான் என்றால் கடைக்கு நல்ல காலம்தானே. இரண்டு கேட்கிற அடியை நான் முகம் மலரப் பாடினேன்.

"அதில சிரிக்கக் கூடாது" என்றார் சின்னம்மா.

"ஏன்?"

"யப்பானில சிரிக்க மாட்டினம்."

ஞாயிற்றுக்கிழமை மாமா தன்னுடைய கீபோர்டைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் பாட்டுப் பழக வந்தார். நான் பாட, அவர் தேடித் தேடி வாசித்தார். நடுவில் ஓரிடம் பிடிபடவில்லை. "பாட்டை எனக்கு அனுப்பிவிட்டீங்களெண்டால் கேட்டுப் பழகிக்கொண்டு வாறன் அக்கா" என்று அம்மாவிடம் சொன்னார்.

"போனில சார்ஜ் இல்லை" என்று குசினியிலிருந்து சின்னம்மாவின் குரல் வந்தது. அவர் சாளை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்.

"இஞ்சை கிடக்குது. நிறையச் சார்ஜ் இருக்கு" என்றார் அம்மா. சின்னம்மாவின் போனை எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஒற்றை விரலால் தட்டி வாட்ஸப்பில் அனுப்பியும்விட்டார். மாமாவின் சட்டைப்பையில் சத்தம் கேட்டது. சின்னம்மா கையைக் கழுவத் தொடங்கினார். கழுவிக்கொண்டே இருந்தார். பாட்டின் பேர் ஒரு கையில் இருந்தால் கருத்தை மற்றக் கை போனில் தேடி எடுத்துவிடும் காலம் அப்போதே வந்துவிட்டது என்பது அம்மாவைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் கிழமை சின்னம்மா பாட்டே கேட்கவில்லை. சிஞ்ஞோராவின் புருசனுடைய நல்ல சட்டை ஒன்றைக் கருக்கிவிட்டு வந்தார், அவர் கையால் அப்படி நடந்தது அதுவே முதல். சாப்பிடாமல் சோற்றைக் கோப்பைக்குள் அங்கும் இங்கும் தள்ளிக்கொண்டு இருந்தார். "தபசுக்கு நல்லா உடம்பை ஒறுக்கிறாள்" என்று அம்மா அப்பாவிடம் மெச்சினார். சின்னம்மா அந்த நாட்களை எப்படிக் கழித்தார் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த எனக்கு அன்று கவலையெல்லாம் வெள்ளை உடுப்புக்குப் பொருத்தமாகக் காலில் போட மேசு இல்லை என்பதுதான்.

வியாழன் பின்னேரம் மாமா மறுபடியும் வந்தார். வழக்கமாகப் படியேறும்போதே ஏதாவது பகிடி விட்டுக்கொண்டு வருகிறவர், அன்று சத்தமில்லாமல் வந்து கீபோர்டை விரித்தார். அம்மா பக்கத்து வீட்டுக்குச் சீனி வாங்கப் போயிருந்தார். சின்னம்மா குசினியில். முன்னறையில் நாங்கள் இரண்டு பேரும்தான்.

"இந்தப் பாட்டைப் பிள்ளைக்கு ஆர் சொல்லித் தந்தது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சின்னம்மா."

"சின்னம்மாவுக்கு இதின்ர கருத்துத் தெரியுமோ?"

சின்னம்மாவை ஒன்றும் தெரியாதவர் என்று அவர் நினைத்துவிடக்கூடாதே என்று எனக்கு ரோசம் வந்துவிட்டது. "வடிவாத் தெரியும். சிஞ்ஞோராவின்ர மகள் வரி வரியாச் சொல்லிக் குடுத்தவ. நீங்கள் விசாவுக்கு லட்டுத் தந்தனீங்களெல்லோ, அண்டையிலயிருந்து இதைத்தான் கேக்கிறவ."

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமா கீபோர்டில் ஒரு சுவிட்சைப் போட்டார், நிறுத்தினார், மறுபடியும் போட்டார். அவருடைய பெரிய காதுகள் இரண்டும் சிவந்திருந்தன. அதற்குள் அம்மா சீனியோடு வந்து சேர்ந்தார்.

"தம்பி, கருத்து என்னெண்டு பாத்தனீரோ? பங்குச் சுவாமி கேட்டால் சொல்ல வேணும்."

மாமா நிமிர்ந்து குசினி வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் தெரியவில்லை.

"ஓம் அக்கா, பாத்தனான். பாண் குடுக்கிற பாட்டு."

"பாணோ?"

"ஓம். ஒராள் ஒவ்வொரு நாளும் பாணைச் சூடா வைச்சுக்கொண்டு நிண்டு குடுக்கிறா. திருப்பி ஒண்டும் கேக்கிறேல்லை."

அம்மா கண்ணை மூடிச் சிலுவை அடையாளம் போட்டார். "நற்கருணை" என்றார். "நான் முதலே நினைச்சனான்."

"கோயிலில பாடக்கூடிய பாட்டுத்தான்" என்றார் மாமா. அதைக் கொஞ்சம் சத்தமாக, குசினிக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

அவர் சிரித்திருக்கலாம். ஹோட்டலில் கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கலாம். வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லிவிட்டு ஒதுங்கியிருக்கலாம், அப்படி ஒதுங்கியிருந்தால் ஏன் என்று ஊர் கேட்டிருக்கும். அவர் ஒரு பொய்கூடச் சொல்லாமல் சின்னம்மாவின் பொய்யைக் காப்பாற்றிக் கொடுத்தார். அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நிறைகிறது. அன்று நான் நினைத்தது, இவருக்குப் பாட்டின் வியாபாரப் பகுதி விளங்கவில்லை, இரண்டு பாணைப் பற்றி அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லையே என்றுதான்.

வெள்ளிக்கிழமை கோயில் நிரம்பியிருந்தது. யப்பான் நற்கருணைப் பாட்டு என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நான் மாதாவின் முன்னால் நின்று பாடினேன், சிரிக்கவில்லை. எப்போதும் பாடுகிறவர் முகத்தைப் பார்த்து வாசிக்கிற மாமா அன்று தலை நிமிராமல் கட்டைகளையே பார்த்துக்கொண்டு வாசித்தார். நான் பாடி முடித்துக் கையைக் கூப்பினேன். அவர் நிறுத்தவில்லை. பாட்டை முதலடியிலிருந்து தனியாக ஒருமுறை, மெதுவாக, ஓரிடத்திலும் அவசரப்படாமல் கடைசிவரைக்கும் வாசித்தார். என்னுடைய பாட்டைத் தன்னுடையதாக்குகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பின்னாலிருந்து மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வயலின்காரப் பையனின் தாய் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். அம்மா அழுதுகொண்டே அதைக் கவனித்தார். இரண்டாம் வரிசையில் சின்னம்மா மட்டும் அழவில்லை. முதுகை நிமிர்த்தி, ஒரு சொல்லும் தவறவிடக்கூடாது என்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு கோயிலோடு சேர்ந்த மண்டபமான சலோனேயில் எல்லாருக்கும் கஞ்சி கொடுத்தார்கள். நான் சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா கஞ்சிக் கோப்பையோடு எங்களிடம் வந்தார். என் கன்னத்தில் தட்டி, நன்றாகப் பாடினேன் என்றார். பிறகு சின்னம்மாவைப் பார்த்தார்.

"பாட்டு விளங்கினது" என்றார். "எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை."

"விளங்கினால் காணும், வேற ஒண்டும் வேண்டாம்" என்றார் சின்னம்மா. "வாறவவை வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றும் சொன்னார்.

அவர் தலையாட்டினார். எனக்கு என் கை வலித்தது, அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார் சின்னம்மா. என்னுடைய வெற்றியில் அவருக்கு அத்தனை பெருமை என்று நினைத்து நானும் திருப்பி இறுக்கினேன்.

உயிர்த்த ஞாயிறு வந்தது. வயர் அலுமாரியிலிருந்து இறங்கியது, ஆட்டிறைச்சிக் கறி கொதித்தது, ஜெர்மனியிலிருந்து மாமி போன் எடுத்தார். அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு சின்னம்மாவைப் பார்த்தார்.

"வேண்டாம் அக்கா" என்றார் சின்னம்மா.

"ஏனெண்டு சொல்லு."

"அந்த ஆளில ஒரு குறையும் இல்லை. எனக்கு இப்ப ஏலாது. மனதில்லாமல் போய் அவரோட இருக்கேலாது."

அம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு யோசனை வந்தது. காரோடு நிற்கிற மாப்பிள்ளையை வேண்டாம் என்கிறாள். தபசுகாலம் முழுக்க வேதப் பாட்டுக் கேட்டாள். சோற்றைத் தள்ளி வைத்தாள். அம்மா இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார், பார்த்த இடத்திலேயே கதிரையில் இருந்துவிட்டார். தங்கைக்குத் தேவ அழைத்தல் வந்திருக்கிறது, அவள் கன்னியாஸ்திரியாகப் போகிறாள். பாதி அழுகையும் பாதிப் பெருமையுமாக அதை அவர் போனில் சொன்னபோது சின்னம்மா மறுக்க வாயெடுத்தார், ஆனால் அதற்குள் ஜெர்மனியில் மாமியும் அழத் தொடங்கிவிட்டார். "ஆண்டவரோட ஆர் போட்டி போடுறது" என்று மாமி சொன்னாராம். ஒரு மனஸ்தாபமும் இல்லாமல் ஜெர்மனிப் பேச்சு அன்றோடு முடிந்தது. பின்னேரத்துக்குள் கட்டடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கீழ் வீட்டு அன்ரி ஏறிவந்து சின்னம்மாவிடம், தன் மகனின் பரீட்சைக்கு மன்றாடச் சொல்லிவிட்டுப் போனார். சின்னம்மா எந்த மடத்திலும் சேரவில்லை. கொஞ்சக் காலத்துக்குப் பிறகு அவருக்குப் பிடித்த ஒருவரைக் கலியாணம் முடித்து மிலானோவில் இருக்கிறார், அது அவருடைய கதை.

மறுநாள் பஸ்குவெத்தா. பலெர்மோ முழுவதும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வெளியே போய்விடும் நாள். அப்பாவும் அம்மாவும் கோயில் ஆட்களோடு கடற்கரைக்குப் போனார்கள். எனக்கு இலேசாகக் காய்ச்சல், அதனால் சின்னம்மா என்னோடு நின்றுவிட்டார். கட்டடத்தில் ஒரு சத்தமில்லை. சின்னம்மா குசினியில் நேற்றைய பெரிய சட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் மேசையில் ஏறியிருந்து, முதல்நாளிலிருந்து மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"நீங்கள் சிஸ்டராப் போகப்போறீங்களோ?"

சின்னம்மா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நுரைக் கையோடு சுவரில் சாய்ந்து நின்று, நான் பார்த்தே இராத மாதிரி வாய்விட்டுச் சிரித்தார். "இல்லை ராசாத்தி, நான் ஒரு இடமும் போகேல்லை" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அறையில் தனியாகப் படுக்க எனக்குப் பயம்.

"எங்கை, அந்தப் பாட்டை எனக்கு ஒருக்கால் பாடு பாப்பம்" என்றார்.

நான் காலை ஆட்டிக்கொண்டு பாடினேன். கோயிலில் பாடியதைவிட நன்றாக வந்தது. சின்னம்மா மறுபக்கம் திரும்பிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டு கேட்டார். அவன் வந்து இரண்டு பாண் கேட்கிற இடத்துக்கு வந்தபோது அவருடைய கை நின்றுவிட்டது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"காணும் பிள்ளை, நிப்பாட்டு" என்றார், திரும்பாமலே. தோள்கள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

இன்னும் சிரிக்கிறார், நான் எங்கேயோ பிழையாகப் பாடிவிட்டேன் போலிருக்கிறது என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. மேசையிலிருந்து இறங்கி, கோயிலில் நின்றதுபோல நேராக நின்று, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு சொல்லாகக் கவனித்து, முன்னதைவிடச் சத்தமாகப் பாடத் தொடங்கினேன்.